பதித்த அடுப்பும் தனித்த அடுப்பும்

வீடு கட்டுவோர்க்கும் தமிழ் வாத்தியார்க்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவுதல் கூடும். புதுமனைக்குப் பெயர் சூட்டித் தருமாறு வேண்டியே வன்னியில் என்னைத் தேடி வருகின்றனர். பெயர் கிடைத்த பின்னரும் வந்தவர் எழுந்து போவதில்லை, வரைபடத்தை விரித்து வைத்து, "ஐயா, குசினிக்கு என்ன செய்யலாம்?" என்பர். இலண்டனிலோ தொறொன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள் ஒரு படம் அனுப்பியிருப்பார்கள். அப்படத்திலே எரிவாயு அடுப்பு கல்மேடையினுட் புதைந்திருக்கும். போறணை அலுமாரியினுட் புகுந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டி பலகைக் கதவொன்றின் பின்னே ஒளிந்திருக்கும். இவ்வாறு யாவற்றையும் வீட்டோடு பதித்துவிடுவதா, ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி நிறுத்துவதா என்பதே அவர்தம் வினா.

குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அலுமாரியும் மேசையும் அவ்வாறே. அட்டில் என்றும் அடுக்களை என்றும் நமக்குச் சொற்கள் இல்லாமலில்லை. ஆயினும் அட்டில் என்றால் என் மாணவரே விழிப்பராதலின், குசினி என்றே எழுதுகின்றேன்.

தொகைநிலையும் தொகாநிலையும் கற்பித்தே காலங்கழித்தவன் யான். பொற்குடம் என்னுமிடத்துப் 'பொன்னால் ஆகிய' என்னும் பொருள் மறைந்து நிற்கின்றது. மறைந்தது கேட்போன் மனத்திலே தானே விரியும். ஆதலின் அங்கே இழப்பில்லை, அழகே உண்டு. பலகைக்குப் பின் மறைந்த பெட்டி அவ்வாறு விரிவதன்று. அது பழுதுற்றால், அதனை விரித்துக் காட்டத் தச்சரும் மின்வேலை அறிந்தவரும் ஒருங்கே வந்து சேரவேண்டும். ஒருவர் வரும் நாளில் மற்றவர் வாரார். பதிக்கும் போறணை பெரும்பாலும் 60 சென்ரிமீற்றர் அகலத்துக்கு அமைந்தது. உயரமும் பொருத்தும் வகையும் செய்வோர்க்குச் செய்வோர் வேறுபடும். பழையது போய்ப் புதியது வருங்கால் அலுமாரியையே அறுக்க நேர்வதுமுண்டு. குளிர்சாதனப் பெட்டியோ தன் வெப்பத்தை வெளியே தள்ளி உயிர்வாழ்வது. பங்குனி, சித்திரை மாதங்களிற் கிளிநொச்சியின் வெயிலை அறிந்தவர், காற்றோட்டம் சரிவர அமையாத பலகைக் கூட்டினுள் அதனை அடைக்கத் துணியமாட்டார். கறையானைப் பற்றி யான் சொல்ல வேண்டுவதில்லை. தனித்து நிற்கும் பொருளை இழுத்துவிட்டுப் பின்புறத்தைக் கூட்டலாம். பதித்த அலுமாரியின் பின்புறத்தைக் கறையானே முதலிற் பார்க்கின்றது.

பதித்த குசினியை இழித்துரைப்பது என் கருத்தன்று. 1926ஆம் ஆண்டிலே மார்கரேட்டே சூட்டே-லிகொற்ஸ்கி என்னும் பெண் கட்டடக்கலைஞர் பிராங்பேர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு குசினியை வகுத்தார். மிகச் சிறிய அறையிலே மேடையும் அலுமாரியும் தொட்டியும் அளந்து பொருத்தப்பட்டன. வேலை முடித்து வந்த பெண்ணின் கால் நடையைக் குறைப்பதே நோக்கம். நல்ல நோக்கம். வெள்ளவத்தையிலே மாடிவீட்டில் வாழ்வார் ஒருவர் என்னைக் கேட்பாராயின், பதித்துவிடுக என்றே சொல்வேன். அங்கே ஓர் அடி நிலமும் பொன். ஆனால் அந்த ஜேர்மனியிலேயே இன்று வாடகை வீடுகள் பல குசினியின்றி வெறுஞ்சுவரோடு விடப்படுகின்றன. குடியிருப்போர் அலுமாரியையும் அடுப்பையும் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். அங்குள்ள நம்மவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வர்.

எடுத்துச் செல்லுதல் என்றதும் வன்னியார்க்கு வேறு நினைவு வரும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது, பலர் கிளாலிக் கடலைக் கடந்து இம்மண்ணுக்கு வந்தனர். 2008இலும் 2009இலும் இம்மண்ணே கிழக்கு நோக்கிப் பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டிகளில் ஓடும் கதவும் நிலையும் ஏறின. அம்மியும் ஆட்டுக்கல்லும் பல வீடுகளில் இருந்தபடியே இருந்தன. தங்கிய இடந்தோறும் மூன்று கல் வைத்து உலை ஏற்றினர். அந்நாள்களை நினைத்து இனியும் அஞ்சிக்கொண்டே வீடு கட்டுக என்று யான் சொல்லவில்லை. மனையும் நிலையாது என்றெண்ணி வாழ்ந்தவர், மேடை கட்டி அடுப்பைப் பதிக்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையிலே ஒரு மானமும் உண்டு. அதனை நகையாடுவார்க்கு வன்னி தெரியாது.

எனினும், ஆசை கட்டிய குசினியிலே அம்மா சமைக்கின்றாரா என்று பார்க்க வேண்டும். யான் பார்த்த வீடுகள் பலவற்றில் அவர் சமைக்கவில்லை. வழவழப்பான கல்மேடை துடைத்தபடி கிடக்கின்றது. விருந்தினர் வந்தால் தேநீருக்கு மட்டும் எரிவாயு எரிகின்றது. சோறும் கறியும் பின்வளவிலே கிடுகுக் கொட்டிலுக்குள் விறகில் வேகின்றன. எரிவாயுவுக்குக் காசு வேண்டும். விறகு வளவிலே கிடக்கின்றது. உள்ளே விறகு மூட்டினால் வெள்ளை அலுமாரி கருகும் என்று பிள்ளைகள் கடிவர். ஆகவே இலட்சங்களை விழுங்கிய குசினி படத்திற்கு நிற்க, எழுபது வயதுத் தாயார் புகைபோக்கி இல்லாத கொட்டிலிலே குந்தியிருந்து கண்ணைக் கசக்குகின்றார். என் வழக்கு இந்தப் புகையைப் பற்றியதே.

இதனை அரசுந் தவறவிட்டது. வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகள் அமைக்கும் திட்டம் 2016ஆம் ஆண்டளவில் பேசப்பட்டபோது, மாதிரி வீடுகளைப் பார்த்துக் குறைகூறியோர் எடுத்துரைத்தவற்றுள் ஒன்று, குசினியில் விறகடுப்பும் புகைபோக்கியும் இல்லை என்பது.

பதித்தலுக்கும் தனித்தலுக்கும் நடுவே ஒரு வழியை நம் நாட்டு மண்ணடுப்பே காட்டியிருக்கின்றது. பழைய கொடியடுப்பை அறிந்தவர்க்கு அதன் முறை விளங்கும்: ஒரு வாயில் எரியும் நெருப்பு, பக்கத்துப் பானைக்கும் சூடு கொடுக்கும். 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' அடுப்பு அதே நெறியினது. இரண்டு பானை, ஒரு விறகு வாய். அதற்கு முன் பரப்பப்பட்ட திருந்திய அடுப்பு இரு துண்டாய் வந்தது. பழகிய ஒருவர் வந்து சேற்றிலே பதித்துத் தரவேண்டும். அனகியோ ஒரே வார்ப்பு. சந்தையில் வாங்கி, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து, அன்றைக்கே உலை ஏற்றலாம். விரும்பினால் சுற்றிலும் மண் அணைத்துப் பதிக்கலாம். மண் அணைத்தால் சூடு காக்கும், நெடுநாளும் உழைக்கும். உடைந்தால் மண்ணைத் தட்டிவிட்டு வேறொன்று வைக்கலாம்.

2021 இறுதியில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடோறும் வந்தன. 2022இலே எரிவாயுவே இல்லை. மார்ச்சு 31இல் 13 மணி நேரம் மின்சாரமும் இல்லை. கொழும்பிலே மாடியில் இருந்தவரும் விறகு தேடினர். வன்னியார் அதற்குப் புதியரல்லர். 1990களின் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் எண்ணியவர்கள். அந்த ஆண்டு, மேடையிற் பதித்த அடுப்பை மட்டும் நம்பிய வீடே முதலில் திண்டாடியது.

ஆதலின் என்னைக் கேட்பவர்க்கு யான் சொல்வது இது. மேடையும் நீர்க்குழாயும் கழுவுதொட்டியும் மின்கம்பியும் புகைபோக்கியும் சுவரோடு பதியட்டும். எரிவாயு அடுப்பு, போறணை, குளிர்சாதனப் பெட்டி யாவும் தனித்து நிற்கட்டும். 2018 திசெம்பர் வெள்ளத்திலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைக் கண்டோம். தனித்த பொருளை மேசைமேல் தூக்கி வைக்கலாம். பதிக்கும் அலுமாரிக்கென ஒதுக்கிய காசில் ஒரு பங்கு, வீட்டினுள்ளேயே நின்றபடி சமைக்கத்தக்க உயரத்தில் ஒரு விறகடுப்பு மேடைக்குப் போகட்டும். பிள்ளைகள் படம் கேட்டால் அதனையே எடுத்து அனுப்புக. புகைபோக்கியின் வாய் கூரை முகட்டுக்கு மேலே நிற்கவேண்டும் என்பதை மேசனாரிடம் அத்திவாரம் வெட்டும்போதே சொல்லிவிடுதல் நன்று. ஓடு வேய்ந்தபின் சொன்னால் அவர் கேட்பதில்லை.