பனிச்சறுக்கும் பாட்டாளி வீட்டுப் பிள்ளையும்

சர்வகலாசாலை மாணவர்கள் பனிமலையில் சறுக்கிப் பந்தயம் ஓடுகிறார்கள், உலக நாடுகளின் மாணவர்களோடு போட்டியிடுகிறார்கள் என்று பத்திரிகையில் சேதி வந்தால், நம்மவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். “உப்பளத்து வெயிலில் வேகிறவனுக்குப் பனி எதற்கு? மில் மூடிக் கிடக்கிறது; கழனியில் கூலி இல்லை. இதில் சறுக்கு விளையாட்டு ஒரு கேடா?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாமே ஏமாந்து போவோம். அந்தப் பந்தயத்துக்குப் போகிறவன் யார், போக முடியாதவன் யார், செலவு யாருடையது என்று கேட்க வேண்டிய இடத்தில் நாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். கல்லூரி மாணவர்களும், சமீபத்தில் பட்டம் பெற்றவர்களும் மட்டும் கலந்துகொள்ளும் உலகப் பந்தயம் ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சர்வதேச மாணவர் சங்கம் 1949-ல் செக்கோஸ்லோவாகியாவிலும், 1951-ல் ருமேனியாவிலும், 1953-ல் ஆஸ்திரியாவிலும், 1956-ல் போலந்திலும் இதை நடத்தியது. பிறகு மேற்கு நாடுகளின் மாணவர்களும் கிழக்கு நாடுகளின் மாணவர்களும் ஒரே களத்தில் சேர்ந்தார்கள். 1960-ல் பிரான்சின் ஷாமோனி என்ற மலையூரில் உலகப் பல்கலைக் கழகக் குளிர்காலப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. 2023-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டிலும், 2025-ல் இத்தாலியின் டூரினிலும் நடந்தது.

ஷாமோனி என்ற பெயர் புதுவைக்காரனுக்கு முழுக்க அந்நியமல்ல. முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-ல் அங்கேதான் நடந்தது. அன்று அந்த மலையூரில் பறந்த கொடிதான் நம் புதுவைக் கடற்கரையிலும் பறந்தது. ஒரே கொடியின் கீழ் அங்கே கனவான்கள் பனியில் சறுக்கினார்கள். இங்கே நம் பாட்டனார்கள் விடியலுக்கு முன்பே மில் வாசலில் நின்றார்கள்.

இந்தியாவின் கதைக்கு வருவோம். 1964-ல் இன்ஸ்ப்ருக் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரில் தன்னந்தனியாக இறங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. ஐரோப்பாவில் பிறந்து, குடும்பத்தோடு இந்தியாவில் குடியேறியவர். அமெரிக்காவில் டென்வர் பல்கலைக் கழகத்தில் படித்தவர். 1968-லும் அவரே போனார். அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ஒருவரும் இல்லை. 1988-ல் கால்கரிக்குப் போன மூவரில் ஷைலஜா குமார் ஒருவர். குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண் அவரே.

1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் சிறு வண்டியில் மல்லாந்து படுத்து ஐஸ் பாதையில் பாய்ந்தவர் சிவ கேசவன். தகப்பனார் கேரளத்துக்காரர், தாயார் இத்தாலியர்; வளர்ந்தது மணாலியில். பயிற்சிக்கு ஐஸ் பாதை நாட்டில் இல்லை. வண்டிக்குச் சக்கரம் பூட்டி, இமயமலை ரஸ்தாவில் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் ஊடே பாய்ந்து பழகினார். 2022-ல் பெய்ஜிங்குக்கு இந்தியாவிலிருந்து போனவர் காஷ்மீரத்து ஆரிஃப் கான் ஒருவர்தான். நாலு ஆண்டுக்கு முன்பே போயிருக்க வேண்டியவர். பணம் திரளாததால் 2018-ல் போக முடியவில்லை.

பணம் ஏன் இவ்வளவு வேண்டும்? சறுக்குப் பலகை, பூட்ஸ், உடை எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அதற்கும் மேலே ஒரு விதி உண்டு: ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பந்தயங்களில் ஓடி ஓடிப் புள்ளி சேர்க்க வேண்டும். அந்தப் பந்தயங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவில். விமானக் கட்டணம், தங்கும் செலவு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் வீரன் தலையில். ஆகவே களத்தில் ஓடத் தொடங்கும் முன்பே பாதிப் பேர் பணத்தால் கழிக்கப்பட்டுவிடுகிறார்கள். மீதி நிற்பவர் யார்? பணக்கார வீட்டுப் பிள்ளை. பனிமலையடிவாரத்தில் பிறந்த பிள்ளை. ராணுவத்தில் சேர்ந்து அங்கே சறுக்கப் பழகிய சிப்பாய். 2014-ல் சோச்சிக்குப் போன நதீம் இக்பால் ராணுவ வீரர்தான்.

சரி, கஷ்டப்பட்டுப் போய்ச் சேர்ந்தவர்களையாவது நிர்வாகம் காப்பாற்றியதா? 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தள்ளி வைத்தது. தேர்தலை ஒழுங்காக நடத்தாததும், குற்றச்சாட்டுக்கு ஆளானவர்களைப் பதவிக்கு நிறுத்தியதும் காரணம். அதன் பலனாக 2014-ல் சோச்சி ஊர்வலத்தில் நம் மூன்று வீரர்கள் தேசக் கொடியின்றி நடந்தார்கள். நாற்காலிச் சண்டை பெரிய மனிதர்களுடையது. தலைகுனிவு விளையாடப் போன பிள்ளைகளுடையது!

அது பழங்கதை என்பீர்களா? 2025 ஜூலையில் ஜெர்மனியில் உலகப் பல்கலைக் கழகக் கோடைப் பந்தயம் நடந்தது. இந்தியாவிலிருந்து பன்னிரண்டு பாட்மிண்டன் மாணவர்கள் போனார்கள். அதிகாரிகள் பெயர்ப் பட்டியலை ஒழுங்காகக் கொடுக்காததால் ஆறு பேர் மட்டையைத் தொட முடியாமல் நின்றார்கள். மீதி ஆறு பேர் ஆடி வெண்கலப் பதக்கம் கொண்டு வந்தார்கள். ஒரு தாளில் ஆறு பெயர் எழுதத் தவறியதற்கு ஆறு இளைஞர்களின் பல ஆண்டு உழைப்பு பலி. மில்லில் ஒரு நூல் அறுந்தால் தொழிலாளிக்கு அபராதம் போட்ட காலம் நமக்குத் தெரியும். பெரிய இடத்துத் தவறுக்கு விசாரணைக் கமிட்டி போடுவார்கள். பறிபோன ஆட்டத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொன்று. 2011-ல் தெற்காசியக் குளிர்காலப் பந்தயத்துக்காக டேராடூனில் பெரிய ஐஸ் அரங்கம் கட்டினார்கள். பந்தயம் முடிந்ததும் பராமரிப்புச் செலவுக்கு வழியின்றிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2025-ல்தான் மறுபடி அங்கே ஆசியப் பந்தயம் நடந்தது. அரங்கம் மூடிக் கிடந்த காலத்தில் பத்து வயதாயிருந்த பிள்ளை இப்போது வாலிபம் எய்திவிட்டான். அவனுடைய ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

இவ்வளவுக்கும் பிறகும் நம் பிள்ளைகள் முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். லடாக்கின் லே நகரில் 2025-ல் நடந்த கேலோ இந்தியா குளிர்காலப் பந்தயத்தில், பனி பெய்யாத தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஐஸ் சறுக்கில் பதக்கம் பெற்றார்கள். சிமெண்டுத் தரையில் சக்கரக் காலணியோடு பழகிய கால்கள் ஐஸின் மேலும் நின்றன. ஆகவே, வெயில் தேசத்தானுக்கு இது வராது என்ற பேச்சு பொய்த்துப் போயிற்று. வசதி கிடைத்த பிள்ளைக்கு வருகிறது; கிடைக்காத பிள்ளைக்கு வரவில்லை.

“உழைப்பாளிக்கு விளையாட்டு எதற்கு?” என்று கேட்பவர்கள் சரித்திரம் படிக்கட்டும். ஐரோப்பியத் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் தாங்களே குளிர்கால ஒலிம்பியாட் நடத்தின: 1925-ல் ஜெர்மனியில், 1931-ல் ஆஸ்திரியாவில், 1937-ல் செக்கோஸ்லோவாகியாவில். ஆலைத் தொழிலாளியும் அவன் மனைவியும் அங்கே பனியில் சறுக்கினார்கள். 1936-ல் பிரான்சில் மக்கள் முன்னணி சர்க்கார் சம்பளத்துடன் இரண்டு வாரம் லீவு கொடுத்தது. ரயில் கட்டணத்தைக் குறைத்தது. தொழிலாளிக் குடும்பங்கள் முதல் தடவையாகக் கடலையும் மலையையும் பார்த்தன.

அதே 1936-ல், ஜூலை 30-ந் தேதி, புதுவை சவானா மில்லில் எட்டு மணி நேர வேலை கேட்ட பன்னிரண்டு தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர உரிமை சட்டமாயிற்று. எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம். மீதி எட்டு மணி எதற்கு? படிக்க, பாட, பிள்ளையோடு விளையாட! அந்த எட்டு மணி இரத்தம் கொடுத்து வாங்கியது. அதை விளையாட்டுக்குக் கேட்பது உல்லாசம் என்று சொல்ல எவனுக்கும் வாயில்லை.

நாளைக்கே புதுவையில் ஐஸ் அரங்கம் கட்டு என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது இவை:

உப்பளத்து இந்திரா காந்தி விளையாட்டரங்கில் மாலை நேரம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி வேண்டும். பாகூரில் நாற்று நடுகிறவளின் மகளுக்கும் ரோடியர் மில் மூடியதால் வேலையிழந்தவனின் மகனுக்கும் காலணியும், பஸ் செலவும், பயிற்சி முடிந்ததும் ஒரு வேளைச் சத்துணவும் சர்க்கார் தர வேண்டும். கல்லூரியும் பல்கலைக் கழகமும் யாரைத் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள், என்ன செலவு என்பதை விளம்பரப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் மாணவனின் முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். ஊரில் உண்டியல் குலுக்கிப் போக விடுவது தேசத்துக்கு அவமானம்.

சங்கக் கூட்டத்தில் கூலியும் போனஸும் பேசுகிறோம். அவற்றோடு இதையும் பேசுவோம். நம் பிள்ளை கல்லூரிக்குப் போகிறானா, போனால் மைதானத்தில் அவனுக்கு இடம் உண்டா என்று கேட்போம். பனிமலை உச்சி வெகு தூரம். அதற்குப் போகும் வழி நம் தெருக்கோடி மைதானத்தில் தொடங்குகிறது. அந்த மைதானத்தின் கதவை முதலில் திறக்கச் செய்வோம்.