மாமாவின் 555 புத்தகமும் ஒரு ஹைப்ரிட் காரும்

கிள்ளானில் இருக்கும் என் மாமாவிடம் மூன்று 555 புத்தகங்கள் இருக்கின்றன. ஒட்டுக்கடைகளில் கடன் கணக்கு எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம்தான். 2012ஆம் ஆண்டு ஹைப்ரிட் கார் வாங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், வெள்ளி என நான்கு எண்களை அதில் எழுதி வருகிறார். அத்தைக்கு இது பெரிய கேலி. ஆனால், இவ்வாண்டு வேலையில் சேர்ந்த என் அக்கா, "பழைய ஹைப்ரிட் காடி ஒன்னு எடுக்கலாமா மாமா?" என்று கேட்டபோது, மாமா ஒன்றும் சொல்லாமல் அந்த மூன்று புத்தகங்களையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

அக்கா கேட்ட கேள்வியை இப்போது பலரும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டம் நடப்புக்கு வந்துள்ளது. 2025இல் ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த மலேசியர்கள் மைகார்டைக் காட்டி மாதம் 300 லிட்டர் வரை ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு வாங்க முடிந்தது. அதற்கு மேல் போனால் சந்தை விலை. திட்டம் தொடங்கியபோது அது 2.60 ரிங்கிட். இன்னொரு பக்கம், முழுமையாக இறக்குமதி செய்யப்படும் மின்சாரக் கார்களுக்கான வரி விலக்கு 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. முதல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு, "பெட்ரோலா, ஹைப்ரிட்டா, மின்சாரமா?" என்பது வெறும் அரட்டை இல்லை. நம் நாட்டில் கார் கடனை ஒன்பது ஆண்டுகள் வரை இழுக்கலாம். இருபத்து மூன்று வயதில் கையெழுத்துப் போட்டால் முப்பத்திரண்டு வரை அது சம்பளத்தைத் தின்னும்.

முதலில், இந்தக் கார் எப்படி மிச்சம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால், ஓடிய வேகம் முழுவதும் சூடாக மாறி வீணாகிறது. ஹைப்ரிட் காரில் அந்த வேகத்தின் ஒரு பகுதி மின்மோட்டாரைச் சுழற்றி பேட்டரியில் சேர்கிறது. மறுபடியும் கார் நகரும்போது அந்த மின்சாரமே தள்ளி விடுகிறது. மெதுவாக ஊரும்போது எஞ்சின் அணைந்தே கிடக்கும். அதனால், வழக்கத்துக்கு மாறாக, நெரிசலில்தான் இதன் சாமர்த்தியம் தெரியும். மாலை ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரை ஊர்ந்து வருவதைவிட நல்ல பரீட்சை இதற்குக் கிடையாது. அந்தப் பாதையில் மாமாவின் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தது. அதற்கு முன் அவர் ஓட்டிய பெட்ரோல் கார் 12தான் கொடுத்தது. அதே ஹைப்ரிட் தீபாவளிக்கு அலோர் ஸ்டார் போனபோது, நெடுஞ்சாலையில் 110, 120 என்று விரட்டியதில் 17க்கு இறங்கிவிட்டது. பிரேக்கே மிதிக்காவிட்டால் திருப்பிச் சேமிக்க என்ன இருக்கிறது? கெந்திங் மேட்டிலிருந்து இறங்கும்போது வேறு விதமான ஏமாற்றம்: பாதி வழியிலேயே பேட்டரி நிரம்பிவிடும். மீதி இறக்கத்தின் சக்தியை வைக்க இடமில்லாமல் போய்விடும்.

இனி 555 புத்தகத்துக்கு வருவோம். 2012 முதல் 2020 வரை மாமா ஓட்டியது 190,000 கிலோமீட்டர். ஹைப்ரிட் குடித்தது ஏறக்குறைய 9,500 லிட்டர். பழைய காராக இருந்தால் 15,800 லிட்டருக்கு மேல் குடித்திருக்கும். ஆக 6,300 லிட்டர் மிச்சம். அந்த ஆண்டுகளில் ரோன்95 விலை 1.90, 2.10, 2.30 என்று ஏறி, பிறகு இறங்கி, கோவிட் காலத்தில் 1.25 வரை சரிந்தது. சராசரியாக இரண்டு ரிங்கிட் என்று வைத்தால், எட்டு ஆண்டுகளில் சேமிப்பு சுமார் 12,600 ரிங்கிட்.

இந்த இடத்தில் அக்காவின் முகம் மலர்ந்தது. மாமா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 2020இல் சிவப்பு மையால் எழுதிய இரண்டு வரிகள்.

காரின் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஹைப்ரிட் பேட்டரியின் உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. புதிய பேட்டரிக்கு 6,500 ரிங்கிட் கேட்டார்கள். மனம் வராமல், ஒரு பட்டறையில் 2,000 ரிங்கிட் கொடுத்து, கெட்டுப்போன அணுக்களை மட்டும் மாற்றிக்கொண்டார். ஏழு மாதத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தது. ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட பேட்டரி ஒரே கட்டி அல்ல. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொண்டால், 7.2 வோல்ட் தொகுதிகள் 28 சேர்ந்து வரிசையாக 201.6 வோல்ட் தருகின்றன. எல்லாமே ஒரே வயது. ஒன்று தளர்ந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும். கிழிந்த சட்டையில் புதுத் துணியை ஒட்டுப்போட்ட கதைதான். கடைசியில் மாமா புதிய பேட்டரியே போட்டார். மொத்தம் 8,500 ரிங்கிட். சேமித்த 12,600இல் மிஞ்சியது 4,100.

"அப்ப நஷ்டமா மாமா?" என்று கேட்டேன். "இல்லடா. காடிய வாங்கின விலை அப்படி" என்றார்.

இந்த ஒரு வரியில் பெரிய அரசாங்கக் கொள்கையே அடங்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 2,000 சிசிக்குக் குறைந்த இறக்குமதி ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டன. அந்தச் சலுகை 2013 இறுதி வரை நீடித்தது. ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ் சி போன்ற கார்களை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குள் அல்லது அதை ஒட்டிய விலையில் வாங்க முடிந்தது. சாதாரணக் காரைவிட அதிகம் கொடுக்காமலே மாமா ஹைப்ரிட் வாங்கியது அப்படித்தான். 2014இல் கதவு சாத்தப்பட்டது. அவ்வாண்டு வந்த தேசிய வாகனக் கொள்கை, எரிசக்தி சிக்கன வாகனங்களை உள்நாட்டில் பொருத்துபவர்களுக்கே சலுகை என்று திசையை மாற்றியது. அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். மலாக்காவில் ஹோண்டா, கிள்ளான் புக்கிட் ராஜாவில் டொயோட்டா என்று ஹைப்ரிட் கார்களை இங்கேயே பொருத்துகிறார்கள் என்றால், அதில் அந்தக் கொள்கைக்கும் பங்குண்டு. பெரோடுவாகூட 2022இல் ஆத்திவா ஹைப்ரிட்டை விற்காமல், 300 கார்களை மாதம் 500 ரிங்கிட் வாடகைக்கு ஐந்தாண்டுகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. பேட்டரி பயம் மக்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிகிறது.

இப்போது வரிச்சலுகை இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கா தினமும் கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயா போய் வருகிறார். மாதம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 115 லிட்டர் தேவை. 20 தரும் ஹைப்ரிட்டுக்கு 75 லிட்டர் போதும். மிச்சம் 40 லிட்டர். 1.99 விலையில் அது மாதம் 80 ரிங்கிட், ஆண்டுக்குச் சுமார் 960 ரிங்கிட். புதிய ஹைப்ரிட் காருக்கும் அதே வகைப் பெட்ரோல் காருக்கும் 15,000 ரிங்கிட் வித்தியாசம் என்றால், போட்ட பணத்தை எடுக்க 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! 2.60 விலையில் கணக்கிட்டாலும் 12 ஆண்டுகள். இப்போது பல நிறுவனங்கள் ஹைப்ரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. கடனோ ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பதாவது ஆண்டுதான் எனக்கு உறுத்துகிறது.

உதவித்தொகைச் சீரமைப்பு என்றதும் எண்ணெய் விலை ஏறும், மக்கள் சிக்கனமான காருக்கு மாறுவார்கள் என்றுதான் நானும் என் வகுப்பு நண்பர்களும் பேசிக்கொண்டிருந்தோம். நடந்தது வேறு. பெரும்பாலான மலேசியர்களுக்கு விலை 2.05இலிருந்து 1.99க்கு இறங்கியது. குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு அது நிம்மதி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திட்டம் தொடங்கியபோது 75 லிட்டரோடு நிறுத்திக்கொண்டவருக்கும் 290 லிட்டர் எரித்தவருக்கும் ஒரே விலைதான். பயன்படுத்தாத அளவு அடுத்த மாதத்துக்குப் போவதும் இல்லை. சிக்கனமாக ஓட்டுபவருக்கு இந்தத் திட்டத்தில் தனியாகக் கிடைப்பது எதுவுமில்லை. சிங்கப்பூரில் பெட்ரோல் விலை, ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால், நம் 1.99ஐப் போலப் பல மடங்கு. அங்கே ஹைப்ரிட் வாங்குபவர் போடும் கணக்கே வேறு. ஒரே காரை ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓட்டினால் ஆடம்பரம், அந்தப் பக்கம் ஓட்டினால் சிக்கனம்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனின் கதையையும் சொல்ல வேண்டும். அவர் 2022 முதல் புதிய ஹைப்ரிட் காரில் மின்-அழைப்பு வேலை பார்க்கிறார். மாதம் 5,000 கிலோமீட்டர், பெரும்பாலும் நெரிசலில். அவருடைய மிச்சம் மாதம் 135 லிட்டர், ஏறக்குறைய 270 ரிங்கிட். ஐந்து ஆண்டுக்குள் கூடுதல் விலையை எடுத்துவிடுவார். மின்மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் சீக்கிரம் தேய்வதில்லை என்கிறார். ஒரு நாள் விடியற்காலை விமான நிலையச் சவாரிக்குக் கிளம்பும்போது கார் உயிரே இல்லாமல் கிடந்தது. பெரிய பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்து அண்ணி அழாத குறை. வந்து பார்த்த மெக்கானிக் சிரித்தார். கெட்டுப்போனது எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்டிலும் அது ஒன்று உண்டு, அது இல்லாமல் கணினி விழிக்காது. இன்னொன்றையும் அண்ணனிடம்தான் கற்றுக்கொண்டேன். பல ஹைப்ரிட் கார்களில் பின் இருக்கைக்கு அருகே ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெரிய பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். நாம் பள்ளிப்பையை அதன்மேல் சாய்த்து வைப்போம், பூனையை ஏற்றிக்கொண்டு போவோம். தூசும் முடியும் அடைத்துக்கொண்டால், நம் ஊர் வெயிலில் பேட்டரி சூடேறியே ஆயுளை இழக்கும். அண்ணன் அந்த வடிகட்டியைத் தவறாமல் சுத்தம் செய்கிறார். மாமாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே 2020இல்தான் தெரியும்.

பணத்தை மட்டும் பார்ப்பது முழுக் கணக்கு ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அக்கா மாதம் 40 லிட்டர் குறைத்தால் ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் குறையும். ஆனால் அதற்கான விலையை முதல் சம்பளம் வாங்கும் ஒருவர் மட்டும் சுமக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. 2013இல் சலுகை முடிந்தபோது, மலிவாக வாங்கிய முதல் உரிமையாளர்கள் தப்பித்தார்கள். பத்து ஆண்டு கழித்து அதே கார்களை வாங்குகிறவர்களின் தலையில்தான் பேட்டரிச் செலவு விழுகிறது. அவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற இளையோர். மின்சாரக் கார்களும் ஒரு நாள் இரண்டாவது கைக்கு வரும். அவற்றின் பேட்டரி இன்னும் பெரிது. பழைய காரை விற்பவர் பேட்டரியின் நிலையைக் காட்டும் அறிக்கையைக் கையில் கொடுத்தாக வேண்டும் என்ற விதியை இப்போதே கொண்டு வரலாம். வரி விலக்கைப்போல அரசாங்கத்துக்கு அதிகச் செலவு வைக்காத வேலை அது.

அந்த விதி வரும்வரை அக்காவால் காத்திருக்க முடியாதே. போன ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலமில் பத்து வயது ஹைப்ரிட் ஒன்றைப் பார்க்கப் போனோம். அண்ணன் தன்னுடைய ஓபிடி கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிக் கைப்பேசியோடு இணைத்தால் பேட்டரித் தொகுதிகளின் மின்னழுத்தம் திரையில் வரிசையாகத் தெரியும். கார் நிற்கும்போது எல்லாம் ஒரே அளவில் இருந்தன. மேட்டில் ஏறும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே இறங்கியது. விற்பவரிடம் கைப்பேசியைக் காட்டினோம். சற்று நேரம் உற்றுப் பார்த்தவர், "ரெண்டாயிரம் கொறைச்சுக்கிறேன், எடுத்துக்கோங்க" என்றார்.

அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. மாமா புதிதாக ஒரு 555 புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.