இரண்டு டிக்கெட், ஒரு பெட்டி: கிளிக் செய்திடும் முன் யோசியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற பின்னர், நம்மில் பலர் ஆசையோடு செய்திடும் முதல் வேலைகளில் ஒன்று டிக்கெட் எடுப்பது. பஸ், ரயில் என்று தொடங்கி, விரைவிலேயே விமான டிக்கெட்டுக்கும் வந்துவிடுகிறோம். ஏஜென்ட் அலுவலகத்திற்கு அலைய வேண்டாம். நாலு தளங்களை ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்த கட்டணத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். வசதிதான். ஆனால் வழியில் விமானம் மாறிச் செல்லும் பயணம் என்றால், இந்தத் தளங்கள் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, அதைவிட முக்கியமான ஒன்றை எங்கோ மூலையில் ஒளித்து வைக்கின்றன. உங்கள் பெட்டி எதுவரை போகும் என்பதே அது.

திருச்சியில் உள்ள என் நண்பர், புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு, மெல்போர்னில் இருக்கும் தன் அக்கா வீட்டிற்கு அம்மாவை அனுப்ப டிக்கெட் எடுத்தார். சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். தளம் காட்டியதில் மிகக் குறைந்த கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தார். வீட்டிலேயே வெப் செக்-இன் செய்து, இரண்டு போர்டிங் பாஸ்களையும் பிரிண்ட் எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். "எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்மா, நீ விமானம் மாறி உட்கார்ந்தா போதும்" என்று தைரியமும் சொன்னார்.

அம்மா சரியாகவே விமானம் மாறினார். மெல்போர்னில் இறங்கி பெல்ட் அருகே நின்றார். எல்லோருடைய பெட்டியும் வந்தது. அவருடையது வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவச் சீட்டு, பேத்திக்குத் தைத்த பாவாடை எல்லாம் அதற்குள்தான்.

நண்பர் எடுத்தது, ஒரே பயணம் போலக் காட்டப்பட்ட இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். திருச்சியில் பெட்டிக்கு ஒட்டப்பட்ட டேக் சிங்கப்பூர் வரைக்கும்தான். அம்மா அங்கே குடியேற்றப் பிரிவைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, அடுத்த நிறுவனத்தின் கவுன்டரில் மீண்டும் ஒப்படைத்திருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியாது. அனுப்பிய மகனுக்கும் தெரியாது. புகார் செய்தபோது முதல் நிறுவனம், "நீங்கள் டிக்கெட் எடுத்த ஊரில் பெட்டியை இறக்கிவிட்டோம்" என்றது. இரண்டாவது நிறுவனம், "அந்தப் பெட்டி எங்களிடம் வரவே இல்லை" என்றது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பெட்டி வந்து சேர ஒன்பது நாள் ஆனது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதை வரவழைக்க ஆன செலவு அதிகம்.

பெட்டி எப்படிப் போகிறது?

நாம் கவுன்டரில் ஒப்படைக்கும் பெட்டியில் ஒட்டப்படும் டேக்கில் பார் கோடும், 10 இலக்க எண் ஒன்றும் இருக்கும். அதில் இரண்டாவது முதல் நான்காவது வரை உள்ள மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். கடைசி ஆறு இலக்கங்கள் உங்கள் பெட்டிக்கு உரியவை. டேக் ஒட்டிய உடனேயே, இந்த எண், பயணியின் பெயர், மாற வேண்டிய விமானம் ஆகியவை அடங்கிய தகவல் கம்ப்யூட்டர் வழியே பெட்டிகளைக் கையாளும் சிஸ்டத்திற்குப் போகிறது. வழியில் ஸ்கேனர்கள் பார் கோடைப் படித்து, பெட்டியை உரிய விமானத்திற்குத் தள்ளுகின்றன. தகவல் நின்றுவிட்டால் பெட்டியும் நின்றுவிடும்.

இதற்கு லண்டன் ஹீத்ரூ விமான நிலையமே சாட்சி. 2008 மார்ச் 27 அன்று அங்கே 5ஆம் முனையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் நடந்த சோதனைகளின்போது, சோதனைத் தகவல்கள் வெளியில் உள்ள நிஜ சிஸ்டங்களுக்குப் போய்விடாமல் தடுக்க, சாப்ட்வேரில் ஒரு வடிகட்டி அமைத்திருந்தார்கள். திறப்பு விழாவிற்குப் பின்னரும் அது நீக்கப்படவில்லை. விளைவு, மற்ற நிறுவன விமானங்களிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்திற்கு மாற வேண்டிய பெட்டிகளைப் பற்றிய தகவல் வந்து சேரவில்லை. சிஸ்டம் அவற்றை அடையாளம் தெரியாத பெட்டிகள் என்று முடிவு செய்து, கையால் பிரிப்பதற்கு ஒதுக்கியது. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொள்ள, பெட்டிகள் மலைபோல் குவிந்தன. பல விமானங்கள் ரத்தாயின.

அங்கே தகவல் தடைபட்டது தவறுதலாக. தனித்தனி டிக்கெட்டில் அந்தத் தகவல் உருவாவதே இல்லை. முதல் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு உங்கள் பயணம் சிங்கப்பூரோடு முடிகிறது. அதற்கு மேல் உங்களுக்கு மெல்போர்னில் மகள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? இதில் இன்னொன்றும் உண்டு. வெப் செக்-இன் என்பது பயணிக்கு மட்டும்தான், பெட்டிக்கு அல்ல. அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் கையில் இருக்கிறது என்பதற்காக, பெட்டியும் அதில் ஏறிவிடும் என்று நினைக்கக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் செலுத்தும் பக்கத்திற்கு முன், விவரம் தரும் பக்கத்தை முழுவதும் திறந்துகொள்ளுங்கள். கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தினால், பிரவுசரில் தேடும் கட்டம் கிடைக்கும். அதில் "செல்ஃப்" என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்து தேடுங்கள். "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று எங்காவது இருந்தால், பெட்டியை நீங்களே எடுத்து மாற்ற வேண்டும் என்று பொருள்.

டிக்கெட் மெயிலில் வந்த பின்னரும் ஒரு சோதனை உண்டு. தளம் தரும் புக்கிங் எண் ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது அந்தத் தளத்தின் சொந்த எண். ஒரே டிக்கெட்டில்கூட இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு பி.என்.ஆர். எண் தருவது உண்டு. எனவே 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். இரண்டு விமானங்களுக்கும் ஒரே எண் என்றால் நல்லது. வெவ்வேறு எண் என்றாலோ, குறைந்த கட்டண நிறுவனங்கள் சில செய்வது போல பி.என்.ஆர். மட்டும் தந்தாலோ, நிறுவனத்திடமே கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

கடைசிச் சோதனை விமான நிலையத்தில். டேக்கில் பெரிதாக அச்சாகியுள்ள மூன்று எழுத்துக்களைப் படியுங்கள். மெல்போர்ன் என்றால் எம்.இ.எல். இருக்க வேண்டும். எஸ்.ஐ.என். என்று முடிந்தால் பெட்டி சிங்கப்பூரிலேயே நின்றுவிடும். கவுன்டரை விட்டு நகரும் முன் "பெட்டி கடைசி ஊர் வரை போகுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டேக்கின் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மருந்து எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டிலும் விதிவிலக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு வருகிறீர்கள் என்றால், பொதுவாகச் சென்னையிலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அமெரிக்காவிலும் முதலில் இறங்கும் ஊரில் பெரும்பாலும் இதே நடைமுறைதான்.

தனித்தனி டிக்கெட் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கைப்பை மட்டும் கொண்டு போகிறவருக்கு, இடையில் போதிய நேரமும், வெளியே வரத் தேவையான விசாவும் உள்ளவருக்கு அது லாபம்தான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த நஷ்டம் தன்னுடையது என்று தெரிந்தே அவர் எடுக்கிறார். தெரிந்து எடுப்பது வேறு. தெரியாமல் தலையில் கட்டப்படுவது வேறு.

டிக்கெட் விற்கும் தளங்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒரே ஒரு வரிதான். கட்டணத்திற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "உங்கள் பெட்டி இந்த ஊர் வரைதான் போகும்" என்று எழுதட்டும். சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இன்ஷூரன்சுக்கும் தனித்தனியே கட்டம் போட்டுக் கண்ணில் படும்படி விற்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியை எழுதுவது கஷ்டமான புரோகிராமிங் வேலை அல்ல. எழுதினால் சிலர் அந்த டிக்கெட்டை வாங்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வரி வரும் வரை, அதைத் தேடிப் பார்ப்பது நம் வேலை. முதல் முறையாக வெளிநாடு போகும் பெற்றோருக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும். கட்டணத்தை ஒப்பிட அரை மணி நேரம் செலவிடுகிறீர்கள் அல்லவா? பெட்டிக்காக ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, அதன் பின்னர் பணம் செலுத்தும் பட்டனில் கிளிக் செய்திடுங்கள்.