மஞ்சள் சுண்ணாம்பும் நம் தாழ்வாரமும்

சுவருக்கு மஞ்சள் பூசி, ஓரத்தில் வெள்ளைப் பட்டை இழுத்து, வாசலில் காகிதப்பூக் கொடியை ஏற்றிவிட்டால் போதும், புதுவையில் அது 'பாரம்பரியக் கட்டடம்'. உள்ளே போய்ப் பார்த்தால் நேற்று எழுப்பிய கான்கிரீட். படம் பிடிக்க வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள், வரட்டும். என் சண்டை அவர்களோடு இல்லை, 'கட்டடக்கலை எல்லாம் பிரெஞ்சுக்காரன் தந்தது' என்று அவர்களிடம் சொல்லும் நம்மவர்களோடுதான்.

1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் அதை எழுப்பியது யார்? நம் கொத்தனாரும் தச்சரும்தான். வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் அண்ணாந்து பாருங்கள்: தேக்கு உத்திரம், கட்டை, அதன்மேல் சாய்த்து அடுக்கிய செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. மெட்ராஸ் டெரஸ் பாரீஸிலிருந்தா கப்பலேறி வந்தது? ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழே நம் மரத்தூண், மேலே அவர்கள் பாணித் தூண்வரிசை. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

வாய்க்காலுக்கு மேற்கே இருந்த அழகு வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் திண்ணை, அதற்கு முன்னால் தெருவைப் பார்த்து மரத்தூண் நட்ட தாழ்வாரம். வழிப்போக்கனுக்கு வெயில் தெரியாது. ஒருவர் இடித்தால் வரிசையே பல் போன வாய் போலாகிவிடும். வைசியாள் வீதியில் இருபது வீடுகளைப் போல முகப்பைச் செப்பனிட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் வந்தது. மற்ற தெருக்களுக்கு அந்த யோகம் இல்லை.

ஊரைக் குறை சொல்கிறேனே, நான் மட்டும் யோக்கியனா? 1991-இல் ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டுமென்று எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தை எடுத்தவன் நான்தான். நான்கு தூணையும் பழைய மர வியாபாரிக்குக் கொடுத்தேன். அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இப்போது ஏதாவது ஓட்டல் முகப்பில் அதேபோல் தூணைப் பார்த்தால் கிட்டே போய்த் தடவிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டுத் தூணில் தம்பி ஆணியால் கீறிய தடம் ஒன்று உண்டு.

இடித்தது போகட்டும், எழுதி வைப்பதையாவது செய்வோம். பழைய நொத்தேர் பத்திரங்களில் வீட்டின் எல்லை, கிணறு, முற்றம் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் என் வயதுக்காரர்கள்தான், நாளுக்கு நாள் குறைந்து வருகிறோம். பீரோவில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன், காசு வேண்டாம், படித்துத் தமிழில் எழுதித் தருகிறேன்.