எந்த இலை முதலில் மஞ்சளானது?

மஞ்சள் மங்களகரமான நிறம்தான். முகத்திலும் புடவையிலும் இருந்தால் அழகு. அதுவே தொட்டிச் செடியின் இலையில் வந்து உட்கார்ந்துவிட்டால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"நந்தியாவட்டை இலையெல்லாம் மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?", "கறிவேப்பிலைச் செடி வெளுத்துப் போச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று சகோதரிகள் அடிக்கடி கேட்கிறார்கள். என்ன போடலாம் என்று கேட்கிறோமே தவிர, செடிக்கு என்ன ஆச்சு என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் அப்படிப் பார்க்காமல் இருந்து பட்டவள்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன்.

மாயவரத்துக்குப் பக்கத்தில் கிராமத்து வீட்டு வாசலில் அம்மா ஒரு சிவப்பு இட்லிப்பூச் செடி வைத்திருந்தாள். அப்பா போன பிறகு வீட்டை விற்றுவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். பாத்திரம் பண்டம், ஊஞ்சல் எதையுமே அவள் கேட்கவில்லை. "அந்தச் செடியிலேருந்து ஒரு பதியன் மட்டும் எடுத்துக்கறேன்டி" என்றாள். அதற்காகவே இரண்டு மாதம் முன்னதாகப் பதியன் போட்டு வைத்திருந்தாள்.

எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் தொட்டியில் வைத்தோம். ஒரு வருஷம் நன்றாகப் பூத்தது. தினமும் பிள்ளையாருக்கு ஒரு கொத்து. அடுத்த கோடையில் துளிர்கள் எல்லாம் மஞ்சளாக வர ஆரம்பித்தன. வெயிலுக்குத் தாகம் போலிருக்கிறது என்று காலையில் இரண்டு செம்பு, சாயங்காலம் இரண்டு செம்பு தண்ணீர் விட்டேன். மஞ்சள் கூடியது. எதிர் வீட்டு அக்கா முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னார், போட்டேன். வேறொருவர் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். கடைசியில் ஒரு கை யூரியாவும் போட்டேன். இலை ஓரமெல்லாம் கருகிப் போயிற்று.

அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உதிர்ந்த இலைகளைப் பொறுக்குவாள். ஒரு நாள் மட்டும், "விட்டுடு. அந்த மண்ணை விட்டு வந்தது அதுக்குப் பிடிக்கலை போலிருக்கு" என்றாள். அவள் செடியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குப் புரியாதா? அன்றைக்கே ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

அங்கே இருந்த பெரியவர் கிளையை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, எந்த இலை மொதல்ல மஞ்சளாச்சு? மேல் இலையா, கீழ் இலையா? அப்போ நரம்பு பச்சையா இருந்துச்சா? மண்ணு ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?" என்று கேட்டார். தினமும் இரண்டு வேளை பார்த்த செடி, எனக்கு ஒரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை!

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீழே ஒன்றிரண்டு இலை மட்டுமா?

பயப்படவே வேண்டாம். இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, எலுமிச்சை எல்லாம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடிகள்தான். அதற்காக அவற்றின் இலைக்கு வயதே ஆகாது என்று அர்த்தமில்லை. மொத்தமாக உதிர்க்காமல் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன, அவ்வளவுதான். உதிர்வதற்கு முன்னால் பச்சையம் சிதைகிறது, இலையிலுள்ள தழைச்சத்தில் கணிசமான பகுதியைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. நுனியில் துளிர் நன்றாக வந்துகொண்டிருந்தால் பழுத்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கீழ் இலைகள் வரிசையாக வெளுக்கிறதா?

தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடிய சத்துக்கள். பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும். சோறு குறைவாக இருக்கும் நாளில் அம்மா தன் பங்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவாள் இல்லையா, அதுபோலத்தான். அதனால் இந்தக் குறைகள் கீழ் இலையில்தான் முதலில் தெரியும்.

இலை முழுக்கச் சீராக வெளுத்து, வளர்ச்சியும் நின்றிருந்தால் தழைச்சத்துக் குறைவு. தொட்டி மண்ணில் உள்ள சத்து நாம் விடும் தண்ணீரோடு கரைந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மாதம் ஒரு முறை மண்ணை இலேசாகக் கிளறி, இரண்டு கைப்பிடி மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போடுங்கள். பழைய இலையின் ஓரமும் நரம்புகளுக்கு இடையிலும் மஞ்சளாகி, காம்பை ஒட்டி மட்டும் பச்சை தங்கியிருந்தால் மக்னீசியம் குறைவு என்று கொள்ளலாம். எலுமிச்சையிலும் செம்பருத்தியிலும் இதைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பைக் கரைத்து, 15 நாளுக்கு ஒரு முறை இரண்டு மூன்று தடவை வேரில் ஊற்றினால் போதும்.

துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையா?

என் இட்லிப்பூவுக்கு வந்தது இதுதான். இது இரும்புச் சத்துக் குறைவு. இரும்பு சுலபத்தில் இடம் மாறாது. பழைய இலையில் இருப்பது அங்கேயே தங்கிவிடும், புது இலைதான் பட்டினி கிடக்கும். மஞ்சள் துணியில் பச்சை நூலால் வலை பின்னியது போல நரம்பு மட்டும் தெரியும். முற்றினால் துளிர் வெள்ளை வெளேரென்று வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதானே! மண்ணில் சுண்ணாம்புத்தன்மை ஏறிவிட்டால் இரும்பு கரையாது, வேரால் அதை உறிஞ்ச முடியாது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்று டாக்டர்கள் சொல்வார்களே, அந்த மாதிரிதான்.

இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதோ ஆழ்குழாய்த் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு ஒரு வருஷமாகத் தொட்டி மண்ணிலும் படிந்திருந்தது. போதாததற்கு முட்டை ஓடும் சுண்ணாம்புத் தெளிவும்! கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்ட கதைதான்.

இதற்கு வைத்தியம்: உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். நம் பாட்டிமார் சொல்லும் அன்னபேதிதான் அது. இளம் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், துருப்பிடித்த நிறமாக மாறியிருந்தால் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் (5 கிராம்) போட்டு, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, கரைத்த உடனே தெளித்துவிட வேண்டும். சாயங்கால வேளையில், பூவில் படாமல் தெளியுங்கள். முதலில் இரண்டே இலையில் தெளித்து, இரண்டு நாள் பார்த்து, கருகவில்லை என்றால் மற்றதற்கு. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்யலாம். தரையில் சிந்தினால் கறை போகாது, பழைய பேப்பரை விரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் ஆபத்து, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலைக்கு இதைத் தெளிக்க வேண்டாம். மழைத் தண்ணீர், மக்கிய உரம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது தற்காலிக வைத்தியம்தான். தண்ணீர் மாறாவிட்டால் மஞ்சள் திரும்ப வரும். மழை பெய்யும்போதெல்லாம் இரண்டு வாளி பிடித்து மூடி வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அதை வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் மஞ்சள், மண்ணும் ஈரமா?

செடி துவண்டிருக்கும், மண்ணைத் தொட்டால் சொதசொதவென்று இருக்கும். இதைப் பார்த்து "பாவம், வாடுகிறதே" என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம் பாருங்கள், அதில்தான் தொட்டிச் செடி செத்துப் போகிறது. வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது.

கடிகாரம் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும், அடித் துளை வழியாக வடியும்வரை விடுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள், கொசுவும் குறையும். துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

ஊசி குத்தின மாதிரி புள்ளியா?

இலையைத் திருப்பிப் பாருங்கள். கோடையில் சிலந்திப் பேன் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, மெல்லிய நூலாம்படை காட்டிக்கொடுக்கும். இலையின் அடிப்பக்கத்தில் படுகிற மாதிரி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். வாரம் இரண்டு முறை செய்தால் நன்றாகக் குறைந்துவிடும்.

அம்மாவின் செடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரியவர் சொன்னபடி தொட்டியைச் சாய்த்து வெளியே எடுத்தேன். வேரில் பாதி கறுத்துக் குழைந்து, நாற்றம் அடித்தது. சுத்தமான கத்தரியால் கெட்டதை வெட்டிவிட்டு, செம்மண், மணல், மக்கிய இலை உரம் சம அளவு கலந்து புதிதாக நட்டேன். பத்து நாள் நிழலில் வைத்தேன். புதுத் துளிர் வரும்வரை உரம் என்ற பேச்சே இல்லை. இருந்த மூன்று கிளைகளில் இரண்டு காய்ந்து போயின. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. நான் முதல் வாரமே அந்தப் பெரியவரிடம் போயிருந்தால் மூன்றும் பிழைத்திருக்கும்.

மஞ்சளாகி முற்றிய இலை மறுபடி பச்சையாகாது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு சோர்ந்துவிடும், கை சும்மா இருக்காமல் எதையாவது கொண்டு போய்க் கொட்டும். அடுத்த துளிர் எப்படி வருகிறது என்று மட்டும் பாருங்கள். எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு காலையில் அம்மா, "ஏய், இங்கே வாயேன்" என்று பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். மிச்சமிருந்த ஒற்றைக் கிளையின் நுனியில் இரண்டு இலை, நல்ல பச்சையில். ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், செடிக்கு வெயில் மறைக்கக் கூடாதாம்.

இந்த வருஷம் அதில் இரண்டு பதியன் போட்டிருக்கிறாள். ஒன்று அந்த நர்சரிப் பெரியவருக்கு.

அடுத்த இதழில்: செம்பருத்தியை விட்டுப் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும் மாவுப்பூச்சி.