கோணம் கிடக்கட்டும், பிசிறைத் தேடுங்கள்

வீட்டுக் கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் கைப்பழக்கம், நமக்கு வராது’ என்று ஒதுக்கிவைப்பவர்கள் ஏராளம். கற்றுத்தருபவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள்: கோணம் மாறக் கூடாது, கை ஆடக் கூடாது, பழகப் பழகத் தானாக வரும். இந்த உபதேசம் பொய்யில்லை. ஆனால், அது முக்கியமானதை விட்டுவிட்டு இரண்டாம்பட்சமானதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கருவி எதுவுமின்றி வெறும் கையால் தீட்டுபவருக்கு, கையின் உறுதியைவிட ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திச் சோதிக்கும் வழக்கமே அதிகம் உதவும் என்பது என் கட்சி. சோதிக்காமல் தீட்டுகிறவர் பத்து வருடம் தீட்டினாலும் தன் தவறையே நன்றாகப் பழகிக்கொள்வார்.

விளிம்பு என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. மழுங்கிய கத்தியில் அந்தக் கோடு உருண்டுபோயிருக்கும். விளக்குக்கு அடியில் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்தால் அங்கங்கே வெள்ளையாக மின்னும். கூரான விளிம்பு அப்படி மின்னாது. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் கல் ஒரு கட்டத்தில் விளிம்பை எட்டும். அதன் பிறகும் தேய்த்தால், மெலிந்த எஃகு அறுபட்டு விழாமல் மறுபக்கமாக மடிந்து நிற்கும். அதுதான் பிசிறு. அந்த மறுபக்கத்தில் கட்டைவிரலைக் கத்தியின் முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே மெல்ல இழுத்தால் சொரசொரவென்று தட்டுப்படும் (விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டினால் ரத்தம்தான் தட்டுப்படும்). பிடியருகில் தொடங்கி நுனிவரை அது தொடர்ச்சியாக இருந்தால் தேய்த்த பக்கத்து வேலை முடிந்தது. எங்கே இல்லையோ, அங்கே கல் இன்னும் விளிம்பைத் தொடவில்லை. ‘பக்கத்துக்கு இருபது இழுப்பு’ என்று எண்ணிக்கொண்டு தீட்டுபவர்கள் தோற்பது இங்கேதான். பிசிறு எழும் முன்பே பக்கம் மாற்றினால் விளிம்புக்கு மேலே உள்ள பகுதி பளபளக்கும். தக்காளித் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கோணம் தேவையில்லையா என்று கேட்கலாம். தேவைதான், ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு அல்ல. சமையலறைக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை என்பது பொதுவான கணக்கு. 4 செ.மீ. அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் 1 செ.மீ. உயர்த்தினால் 15 டிகிரி, 1.4 செ.மீ. உயர்த்தினால் 20. கை ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் மாறுவது ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. அதனால் சரிவு சற்றே புடைக்கும், கத்தி வெட்டும். அளவுக்கு மீறி உயர்த்தினால் விளிம்பு தடித்துவிடும் என்பது உண்மைதான். அதற்கும் சோதனை உண்டு: சரிவில் மார்க்கர் பேனா மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்போரத்தில் மட்டும் மை போனால் கை உயர்ந்திருக்கிறது. மேலே மட்டும் போனால் தாழ்ந்திருக்கிறது.

பிசிறை எழுப்புவது பாதி வேலை. அதை நீக்குவதுதான் கடினமான பாதி. பிசிறோடு விட்ட கத்தி அன்றைக்குக் காகிதத்தைச் சரசரவென்று கிழிக்கும். சில வெங்காயம் நறுக்குவதற்குள் மடங்கிவிடும். உடனே ‘கூர் நிற்கவில்லை, எஃகு மட்டம்’ என்று பழி கத்தியின் மேல் விழுகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன், தீட்டிய விளிம்புகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2004-ல் ஓர் அறிக்கை எழுதினார். வெறும் தோல்வாரில் இழுப்பதால் பெரிய பலன் இல்லை, குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசை பூசிய தோலே பிசிறைக் குறைத்து விளிம்பைச் செம்மையாக்குகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. அந்தப் பச்சைப் பசை கிடைக்காதவர்கள் நைஸான கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடையே போதும் என்ற அளவில் இழுக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் சோதனை வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, பள்ளத்தில் வைத்து இழுத்தால் கூராகும் சாதனம் கடையில் கிடைக்கிறதே என்பார்கள். அதன் கடினமான தகடுகள் எஃகைச் சுரண்டி எடுக்கின்றன. பல்பல்லாகப் பிசிறு நிற்கிறது. அவசரத்துக்கு அது போதும். ஆனால் கோணத்தையோ அழுத்தத்தையோ கத்திக்கேற்ப மாற்ற அதில் இடமில்லை. சைக்கிளில் வரும் சாணைக்காரர் பற்றிய கேள்வி இதைவிட நியாயமானது. அவர் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் எப்போதாவதுதான் வருவார், விளிம்போ தினமும் தேய்கிறது. எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மையான முடியே சவர பிளேடின் விளிம்பைச் சில்லு சில்லாக உடைப்பதை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். காய் மென்மையானதுதானே என்று இருக்க முடியாது. நுனி உடைந்த கத்தி, பல் விழுந்த கத்தி, வளைந்த அரிவாள்மனை ஆகியவற்றை அவரிடமே கொடுங்கள். ஆனால் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு எளிதில் சூடேறும். அது நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்து எஃகு கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். அவ்வளவும் தேய்ந்து தீரும்வரை அங்கே கூர் தங்காது. அவ்வப்போது கத்தியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.