கடனை அடைத்துவிட்டு வா
அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிஸின் திருநாள் வந்தால் அவரைப் பறவைகளோடும் ஓநாயோடும் நிறுத்திப் படம் போட்டுவிடுகிறோம். எனக்கென்னவோ, அவர் பின்னால் போகவும் ஆசை, வீட்டை விடவும் முடியாது என்று நின்ற சம்சாரிகள் மேல்தான் கண். அவர்களைத்தான் மூன்றாம் சபைக்காரர்கள் என்பார்கள். அவர்களுக்கென்று 1221-இல் வகுத்த ஒழுங்கைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெபம், நோன்பு, சாயமேறாத மலிவுத் துணி எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் சேர வருகிறவர் முதலில் கடனை அடைக்க வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு சமாதானமாக வேண்டும், வார்த்தைப்பாடு கொடுத்த மூன்று மாதத்துக்குள் உயில் எழுதிவிட வேண்டும் என்றும் இருக்கிறது! பாகப்பிரிவினைச் சண்டை பார்த்து நொந்த யாரோ கூட உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். பெரிய வம்பு, ஆயுதம் ஏந்தாதே, கண்டபடி சத்தியம் செய்யாதே என்ற விதிகளால் வந்தது. ஓயாமல் பக்கத்து ஊரோடு மோதிக்கொண்டிருந்த இத்தாலிய நகரங்களில், படைக்கு ஆள் சேர்க்கும்போது ‘நாங்கள் வரமாட்டோம்’ என்றால் சும்மா விடுவார்களா? திருத்தந்தையே தலையிட வேண்டியிருந்தது. 1978-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தந்த இப்போதைய ஒழுங்கில் 26 பிரிவுகள். சமாதானம் உண்டு, எளிமை உண்டு, உயிலைத்தான் காணோம். நம் குடும்பங்கள் கோர்ட் வாசலில் நிற்கிற அழகைப் பார்த்தால், அந்த ஒரு விதியையாவது விட்டுவைத்திருக்கலாம்.